கையாளும் மின்சாதனங்களின் பாதுகாப்பு வகைப்பாடு

ஒரு மின்சாதனம் தன்னைத் தொடுவோரை மின்னதிர்ச்சியிலிருந்து எவ்வழியாகக் காக்கிறது என்பதையும், அது ஓரிடத்தில் நிலைத்திருப்பதா, இடம் பெயர்வதா, கையிற் பிடித்தே இயக்கப்படுவதா என்பதையும் ஆராய்ந்து, அதற்குரிய சோதனையை நிர்ணயிக்கும் முறையே இவ்வகைப்பாடாகும்.

இந்தியாவில் இதன் வித்து சட்டத்திலேயே இருந்தது. 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளுள் 61-ஆவது, உலோக உறையுள்ள கருவிகள் பூமியுடன் இணைக்கப்படவேண்டும் என்று விதித்து, குறைந்த மின்னழுத்தத்தில் இயங்கும் கூரை விசிறி, சுவர் விளக்குத் தாங்கி முதலியவற்றுக்கு விலக்களித்தபோதும், கைவிளக்குகளுக்கும் இடம்பெயரும் சாதனங்களுக்கும் அவ்விலக்கை மறுத்தது. இது மிகுந்த விவேகமுள்ள ஏற்பாடு. ஏனெனில் எட்டாத உயரத்தில் சுழலும் விசிறியை எவரும் பற்றுவதில்லை, ஆனால் கையிலுள்ள கருவியில் மின்சாரம் பாயுங்கால் விரல்கள் தாமே இறுகிக்கொள்ள, விட நினைத்தாலும் விடமுடியாத நிலை நேர்கிறது.

1906-இல் லண்டனில் தோன்றிய சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம், 1976-இல் தன் 536-ஆம் வெளியீட்டில் நான்கு வகுப்புகளைத் தொகுத்துரைத்தது. அடிப்படைக் காப்பு ஒன்றையே நம்பியிருப்பது பூஜ்ய வகுப்பு. அக்காப்போடு எர்த் கம்பியும் சேர்ந்தது முதல் வகுப்பு. இஸ்திரிப்பெட்டியும் உலோக உடலுள்ள மாவரைக்கும் கிரைண்டரும் இதிற் சேரும். எர்த்தை நாடாமல் இரட்டைக் காப்பினால் காப்பது இரண்டாம் வகுப்பு. சதுரத்துள் சதுரம் என்பது இதன் சின்னம். 50 வோல்ட்டுக்கு மேற்படாத, பிரத்தியேகமாகப் பிரிக்கப்பட்ட மின்வழங்கலில் இயங்குவது மூன்றாம் வகுப்பு.

பயன்பாட்டைக் கொண்டு பிரிக்கும் வழக்கம் பிரிட்டனில் 1989-ஆம் ஆண்டின் பணியிட மின்சார விதிமுறைகளுக்குப் பின் வேரூன்றியது. நிலையானவை, நகர்த்தத்தக்கவை, எடுத்துச் செல்பவை, கைப்பிடிக் கருவிகள் என்ற பிரிவுகளுக்கு 18 கிலோ எடை ஓர் எல்லையாயிற்று. 2020-இல் மின்சாதனச் சோதனைக்கான அந்நாட்டு நடைமுறை நூலின் ஐந்தாம் பதிப்பு இப்பெயர்ப் பிரிவினையைக் கைவிட்டு, ஒவ்வொரு சாதனத்தின் அபாயத்தையும் தனித்தே மதிப்பிடச் சொன்னது.

தமிழகத்தின் தருமபுரி மாவட்டம், இவ்வகைப்பாட்டின் பலவீனத்தைக் காட்டும் நிலம். 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் திட்டம், மிக்ஸி, கிரைண்டர், விசிறி மூன்றையும் கூரை வீடுகளுக்குள்ளும் விலையின்றிக் கொண்டுசென்றது. வரவேற்கத்தக்க அக்காரியத்தால், ஈரக்கையோடு தொடும் சாதனங்கள் எளியோர் இல்லங்களிற் பெருகின. ஆனால் முதல் வகுப்புச் சாதனம் தன் பாதுகாப்பிற் பாதியை வீட்டின் எர்த் குழியிடம் ஒப்படைத்திருக்கிறது. பென்னாகரம், அரூர்ப் பக்கத்துப் பாறை நிலமோ கோடையில் உலர்ந்து மின்தடை மிகுந்து நிற்பது. எர்த்தின் தடை 50 ஓம் என்று கொண்டால், 230 வோல்ட்டில் கசிவு ஏறக்குறைய 4.6 ஆம்பியர் மட்டுமே ஓடும். 5 ஆம்பியர் பியூஸ் உருகாது, கிரைண்டரின் உடலோ உயிர்குடிக்கும் மின்னழுத்தத்திலேயே நிற்கும். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் கருவி ஒன்றே இங்கே நம்பத்தக்க காவல். ஆயினும், கசிவுக் காப்புக் கருவியைக் கட்டாயமாக்கிய மத்திய மின்சார ஆணையத்தின் 2010-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள், 250 வோல்ட்டுக்கு உட்பட்டு 5 கிலோவாட்டுக்குக் குறைந்த இணைப்புகளை விலக்கியதால், எளியோர் வீடுகள் அதன் வரம்புக்கு வெளியே நின்றன.

முதல் வகுப்புச் சாதனத்தில், பிளக்கின் எர்த் முள்ளிலிருந்து உலோக உடல்வரை தடை, கம்பியின் தடை நீங்கலாக, 0.1 ஓமுக்கு மேற்படலாகாது. 500 வோல்ட் மெக்கரால் அளக்குங்கால் காப்புத் தடை 1 மெகாஓமுக்குக் குறையலாகாது. இரண்டாம் வகுப்புக்கு எர்த் சோதனை இல்லை. காப்புத் தடை 2 மெகாஓம் வேண்டும். இவை சாதனத்தின் நலனை மட்டுமே அறிவிப்பவை. தருமபுரி போன்ற வறண்ட கற்பாங்கான நிலத்தில், மூன்றாவது முள் செருகப்படும் துளைக்குப் பின்னால் உள்ள எர்த் குழியையும் அளந்தாலன்றி, முதல் வகுப்புச் சாதனத்தின் சோதனை நிறைவுற்றதாகக் கொள்ளலாகாது.