கொரிய உணவு மருத்துவத்தின் வரலாறு

உணவும் மருந்தும் ஒரே மூலத்திலிருந்து தோன்றியவை என்பது கொரிய மரபு மருத்துவத்தின் அடிப்படைக் கருத்துகளுள் ஒன்று. இதனை 'யாக்சிக் தொங்வொன்' என்பர். உணவுப்பொருள்கள் உடலுக்குச் சூடு தருவன, குளிர்ச்சி தருவன எனப் பகுக்கப்பட்டு, உடல்நிலைக்கும் பருவத்திற்கும் ஏற்பத் தேர்ந்தெடுக்கப்படுகின்றன.

மன்னரின் மரணமும் பத்தியமும்

ஜோசொன் மன்னர் முன்ஜொங் முதுகில் தோன்றிய கட்டியால் 1452-இல் இறந்தார். சிகிச்சையளித்த அரண்மனை மருத்துவர் ஜொன் சுன்-உய் மீது குற்றம் சாட்டப்பட்டது. கட்டி உள்ளவருக்கு விலக்கப்பட்ட காட்டுக்கோழி இறைச்சியை அவர் மன்னருக்கு அளித்தார் என்பது குற்றச்சாட்டுகளுள் ஒன்று. அவர் பதவியிறக்கம் செய்யப்பட்டார். உணவுத் தவறு உயிர்க் குற்றமாகக் கருதப்பட்டதை இந்நிகழ்வு காட்டுகிறது.

சிக்ரியோ சான்யோ

மன்னர் செஜோ காலத்தில் ஜொன் சுன்-உய் மீண்டும் மதிப்புப் பெற்றார். 1460-இல் 'சிக்ரியோ சான்யோ' என்னும் உணவு மருத்துவ நூலைத் தொகுத்தார். 45 வகை நோய்களுக்குக் கஞ்சி, சாறு, இறைச்சி, காய்கறி முதலியவற்றால் செய்யும் உணவு முறைகளை இந்நூல் கூறுகிறது. நோய்க்கு முதலில் உணவு, பிறகே மருந்து என்பது இதன் நிலைப்பாடு. பத்தியம் தவறியதாகப் பழிசுமத்தப்பட்டவரே எட்டு ஆண்டுகளில் உணவு மருத்துவ நூலுக்கு ஆசிரியரானார்.

செஜோ 1463-இல் எழுதிய 'உய்யாக்ரொன்' மருத்துவர்களை எட்டு வகையாகப் பிரிக்கிறது. நோயாளியின் மனத்தை அமைதிப்படுத்தும் மன மருத்துவர் முதலிடத்திலும், உணவு மருத்துவர் அடுத்த இடத்திலும் வைக்கப்பட்டுள்ளனர். வாய்க்கு இனிய உணவு உடலுக்கு நலம் தரும். உணவிலும் சூடு, குளிர்ச்சி உண்டு என்று அந்நூல் கூறுகிறது.

பிற்கால வளர்ச்சி

ஹொ ஜூன் 1610-இல் முடித்து 1613-இல் அச்சான 'தொங்குய் போகாம்' தானியம், மீன், பழம், காய்கறி ஆகியவற்றின் மருத்துவக் குணங்களையும் விளக்குகிறது. 2009-இல் இது யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

லீ ஜெ-மா 1894-இல் எழுதிய நூலில் மனிதரை நான்கு உடல்வகையினராகப் பிரித்தார். இதன்படி குளிர்ந்த உடல்வாகினருக்குக் கோழி, இஞ்சி, ஜின்செங் ஆகியன ஏற்றவை. சூட்டு உடல்வாகினருக்குப் பார்லி, வெள்ளரி, பன்றி இறைச்சி ஆகியன ஏற்றவை. ஒருவருக்கு நன்மை தரும் உணவு மற்றவருக்குத் தீங்காகலாம் என்பதே இதன் சாரம்.

இன்றும் கொரியர்கள் கடுங்கோடை நாள்களில் 'சம்கியேதாங்' என்னும் ஜின்செங் கோழிச் சாற்றை உண்கின்றனர். வியர்வையால் தளர்ந்த உடலின் உட்சூட்டை இது ஈடுசெய்யும் என்பது நம்பிக்கை.