மலை மிதிவண்டி டயர்: பிடிப்பும் வேகமும்

மலை மிதிவண்டியின் டயர் இரண்டு வேலைகளைச் செய்ய வேண்டும். சரளையிலும் சேற்றிலும் வழுக்காமல் தரையைப் பற்ற வேண்டும். தார்ச்சாலையில் காலுக்குச் சுமையாகாமல் உருள வேண்டும். முதலாவது பிடிப்பு எனப்படும். இரண்டாவதற்கு எதிராக நிற்பது உருளல் தடை. ஒன்று கூடினால் மற்றொன்று குறையும் என்பது பொதுவான நம்பிக்கை. இது முழு உண்மையன்று என்பதை டயரின் வரலாறு காட்டுகிறது.

இவ்வரலாற்றை விளங்கிக்கொள்ளத் திருவண்ணாமலை மாவட்டத்தின் ஆரணி பொருத்தமான ஊர். கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த இந்நகரம் பட்டு நெசவுக்குப் பெயர்பெற்றது. மேற்கே ஜவ்வாது மலை உள்ளது. தறியில் புழங்கும் பாவும் ஊடையும் டயரின் வரலாற்றிலும் இடம்பெறுகின்றன. டயரின் உடல் ரப்பர் ஏற்றிய துணியே என்பதுதான் காரணம்.

காற்றடைத்த டயரின் தோற்றம்

காற்றடைத்த சக்கரத்திற்கு 1845-இல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ராபர்ட் வில்லியம் தாம்சன் காப்புரிமை பெற்றார். அது பரவலாகப் பயன்பாட்டுக்கு வரவில்லை. பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காக இதே முறையைத் தனியாகக் கண்டறிந்து 1888-இல் காப்புரிமை பெற்றார். ரப்பர்க் குழாயின் மேல் துணியைச் சுற்றி மரத்தட்டில் பொருத்தி, பழைய சக்கரத்தோடு சேர்த்து முற்றத்தில் உருட்டிப் பார்த்தார். காற்றடைத்த சக்கரமே அதிக தூரம் ஓடியது. பெல்ஃபாஸ்டும் ஒரு நெசவு நகரம். அங்கே லினன் துணி உற்பத்தி ஓங்கியிருந்தது.

1889-இல் வில்லி ஹ்யூம் என்ற வீரர் இந்த டயர்களுடன் பெல்ஃபாஸ்ட் பந்தயங்களில் வென்றார். கெட்டி ரப்பர்ச் சக்கரம் ஒவ்வொரு கல்லிலும் வண்டியையும் ஆளையும் தூக்கிப்போட்டது. அந்தக் குலுக்கலில் வேகம் வீணானது. காற்று டயரோ கல்லைத் தனக்குள் வாங்கிக்கொண்டு உருண்டது. கரடான பாதையில் மென்மையே வேகம் தரும் என்ற பாடம் இங்கேயே கிடைத்துவிட்டது.

பாவும் ஊடையும்

தொடக்ககால டயர்களின் உள்ளே வழக்கமான நெசவுத் துணி இருந்தது. சக்கரம் உருளும்போது தரையைத் தொடும் பகுதி நசுங்கி மீள்கிறது. ஒவ்வொரு முறையும் பாவு இழையும் ஊடை இழையும் குறுக்கிடும் இடத்தில் ஒன்றை ஒன்று உரசும். உரசலில் வெப்பம் எழும், இழைகள் அறும், மிதிப்பவரின் உழைப்பும் அதில் கரையும். 1890-களின் தொடக்கத்தில் சிகாகோவைச் சேர்ந்த ஜான் பாமர் இதற்குத் தீர்வு கண்டார். இழைகளைப் பின்னாமல் இணையாக அடுக்கி, ரப்பரில் பதித்து, ஒரு அடுக்கின் மேல் மற்றோர் அடுக்கைக் குறுக்காக வைப்பது அவர் முறை. இழைகள் உரசுவது நின்றதால் டயர் எளிதாக உருண்டது. இன்றைய மிதிவண்டி டயர்களும் இவ்வழியிலேயே செய்யப்படுகின்றன. பருத்தியின் இடத்தை நைலான் பிடித்துள்ளது.

உயர்தரப் பந்தய டயர்களில் பட்டு இழையும் பயன்பட்டது. கிளெமென்ட் நிறுவனத்தின் ‘சேத்தா’ டயர் இதற்கு எடுத்துக்காட்டு. இத்தாலிய மொழியில் அச்சொல்லுக்குப் பட்டு என்றே பொருள். மெல்லியதாகவும் வலுவாகவும் இருக்கும் இழையை நெருக்கமாக அடுக்கினால் டயர் எளிதில் வளையும். எளிதில் வளைவது குறைந்த ஆற்றலை விழுங்கும். ஓர் அங்குலத்தில் எத்தனை இழை என்ற கணக்கு, டி.பி.ஐ. என்ற பெயரில் இன்றும் டயர்களின்மேல் அச்சிடப்படுகிறது. 60 இழை டயர் தடித்தது, உழைப்பது. 120 இழை டயர் இலேசானது, வேகமானது, ஆனால் எளிதில் கிழிவது.

ரப்பரின் குணம்

நசுங்கிய ரப்பர் தான் வாங்கிய ஆற்றல் முழுவதையும் திருப்பித் தருவதில்லை. ஒரு பங்கு வெப்பமாகிறது. மென்மையான ரப்பர் கல்லின் சிறு மேடுபள்ளங்களில் படிந்து நன்றாகப் பற்றும், ஆனால் அதிக ஆற்றலை விழுங்கும். கடினமான ரப்பர் விரைவாக உருளும், ஈரக் கல்லில் வழுக்கும். மேற்பரப்பில் எழும்பி நிற்கும் ரப்பர்க் கட்டைகளும் இப்படித்தான். மண்ணில் அவை ஊன்றிப் பிடிக்கின்றன; தாரில் ஊன்ற இடமின்றி வளைந்து நெளிந்து வேகத்தைத் தின்கின்றன.

மலைக்கு வந்த டயர்

அமெரிக்காவின் ஷ்வின் நிறுவனம் 1933-இல் 2.125 அங்குல அகலமுள்ள பலூன் டயர்களை மிதிவண்டிக்குக் கொண்டுவந்தது. கலிபோர்னியாவின் மரின் பகுதி இளைஞர்கள் 1970-களில் இத்தகைய பழைய வண்டிகளை மலைச்சரிவில் ஓட்டினர். 1976 அக்டோபரில் ‘ரீபேக்’ என்ற இறக்கப் பந்தயம் அங்கே தொடங்கியது. அதில் ஓடிய ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர் போன்றோர் மலை மிதிவண்டியை ஒரு தொழிலாக வளர்த்தனர். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் இது போட்டியாகச் சேர்க்கப்பட்டது.

அகலம் குறைந்து அழுத்தம் கூடினால் வேகம் வரும் என்ற எண்ணத்தில் 1990-களின் பந்தய வீரர்கள் 2 அங்குலத்தை ஒட்டிய டயர்களை விரும்பினர். இன்று நெடும்பாதைப் பந்தயங்களில் 2.2 முதல் 2.4 அங்குல டயர்களே வழக்கம். அகலமான டயரைக் குறைந்த அழுத்தத்தில் ஓட்டினால் அது மண்ணில் குறைவாகப் புதையும், கல்மேல் துள்ளாது. பிடிப்பும் ஓட்டமும் சேர்ந்தே கூடும். 1999-இல் வந்த டியூப் இல்லாத டயர் முறை, டியூப் கல்லில் அடிபட்டுப் பஞ்சராகும் அச்சமின்றி அழுத்தத்தைக் குறைக்க வழிசெய்தது.

தமிழ்நாட்டில்

1949-இல் சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவப்பட்டது, அம்பத்தூரில் அதன் ஆலை அமைந்தது. டன்லப் நிறுவனத்தின் டயர் ஆலையும் 1959-இல் அம்பத்தூருக்கு வந்தது. பல பத்தாண்டுகள் ஊர்களை ஆண்டது 28 × 1½ அங்குல டயர் பூட்டிய கறுப்புச் சைக்கிள். பால் கேனும் நெல் மூட்டையும் ஏற்றி மண்பாதையிலும் தாரிலும் ஓடிய அதன் டயரில் உயரமான கட்டைகள் இல்லை. பின்னர் ‘எம்.டி.பி.’ என்ற பெயரில் தடித்த கட்டை டயர் வண்டிகள் சந்தைக்கு வந்தன. வாங்கியவர்களில் பெரும்பாலோர் ஓட்டியது தார்ச்சாலையில். முரட்டுத் தோற்றத்திற்கான விலையை ஒவ்வொரு மிதியிலும் கால்கள் கொடுத்தன.

ஆரணிச் சாலைகளுக்குப் பொருந்துவது

ஆரணியிலிருந்து போளூர் வரை சமவெளித் தார்ச்சாலை. அதன்பின் ஜமுனாமரத்தூர் நோக்கி மலைச்சாலை ஏறுகிறது. மலையூர்களுக்குப் பிரியும் மண்பாதைகளில் சரளையும், மழைக்காலத்தில் சேறும் இருக்கும். இத்தகைய கலப்புப் பயணத்திற்கு, நடுவில் தாழ்ந்து நெருங்கிய கட்டைகளும் ஓரங்களில் உயர்ந்த கட்டைகளும் கொண்ட டயர் ஏற்றது. நேராக ஓடும்போது நடுப்பகுதி உருளும். வளைவில் சாயும்போது ஓரம் பிடிக்கும்.

முன், பின் டயர்கள் ஒரே வகையாக இருக்க வேண்டியதில்லை. ஆளின் எடையில் பெரும்பங்கு பின்சக்கரத்தில் விழுவதால் அங்கே வேகமாக உருளும் டயர் பயன்தரும். முன்சக்கரம் வழுக்கினால் விழுவது பெரும்பாலும் உறுதி என்பதால் அங்கே பிடிப்புக்கே முதலிடம். சாலையோரச் சீமைக்கருவேல முள் 120 இழை டயரை எளிதில் துளைக்கும். 60 இழை டயர் சற்றுக் கனமானாலும் நீடிக்கும்.

வாங்கும்போது டயரின் பக்கவாட்டில் உள்ள எண்ணைப் பார்க்க வேண்டும். 57-622 என்பது 57 மி.மீ. அகலத்தையும், ரிம்மில் அமரும் இடத்தின் 622 மி.மீ. விட்டத்தையும் குறிக்கும். பழைய கறுப்புச் சைக்கிளின் அளவு 635. 26 அங்குல மலை வண்டியினது 559. ஒன்று மற்றொன்றில் பொருந்தாது.

செலவில்லாத திருத்தம் காற்றழுத்தமே. அகலமான மலை டயரில் தாருக்குச் சதுர அங்குலத்துக்கு 35 பவுண்டு வரை அடைக்கலாம். மண்பாதை தொடங்கும் இடத்தில் அதை 25-ஐ ஒட்டிக் குறைக்கலாம். எடை கூடியவருக்குச் சற்று அதிகம் தேவைப்படும். ஒரே டயர் இரண்டு பாதைகளுக்கும் இவ்வாறு ஈடுகொடுக்கும்.