கேள்வி யாருடையது?

1806இல் லண்டன் மிஷனின் ஜெர்மானியப் பாதிரியார் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தார். அவர் வருவதற்குக் காரணமாக இருந்தவர் மகாராசன் வேதமாணிக்கம், சாம்பவர். 1809இல் அங்கே ஆலயம் எழுந்தது. திண்ணைப் பள்ளிகளின் வாசலுக்கு அப்பால் நிறுத்தப்பட்ட பிள்ளைகளின் கைக்கு எழுத்து வந்தது இப்படித்தான். அந்தக் கடனை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் மனப்பாடம் செய்த ஞானோபதேசத்தில் கேள்வியும் முன்கூட்டியே இருந்தது, பதிலும் இருந்தது. பிள்ளையே கேட்பதற்கென்று ஒரு கேள்வி மிச்சமில்லை.

பிறகு வந்த பள்ளிக்கூடங்கள் மட்டும் என்ன செய்தன? நாலாம் வகுப்பில், தண்ணி குடிக்க எங்களுக்கு ஏன் தனித் தம்ளர் என்று கேட்டேன். வாத்தியார் அடிக்கவில்லை. "லே, படிக்க வந்தியா, கேள்வி கேக்க வந்தியா?" என்றார். அது ரெண்டும் வேறவேற காரியம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் மாத்யூ லிப்மன் 1974இல் சிறுவர்களுக்கான தத்துவத்துக்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கினார். பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து கதை வாசிப்பார்கள், கேள்வியை அவர்களே எழுப்புவார்கள். ஆசிரியர் காரணம் கேட்பார், உதாரணம் கேட்பார், பதில் சொல்லமாட்டார். அவருடைய கதையில் ஹாரி என்ற பையன் ஒன்றைக் கண்டுபிடிக்கிறான்: கிரகமெல்லாம் சூரியனைச் சுற்றும், ஆனால் சூரியனைச் சுற்றுவதெல்லாம் கிரகமல்ல. (தர்க்கம் மேற்கிலிருந்து வந்த சரக்கு என்று யாரும் எண்ண வேண்டாம். மணிமேகலையின் 29ஆவது காதையில் அறவண அடிகள் அளவையும் போலியும்தான் விளக்குகிறார்.)

எங்கள் தெருவில் நடத்தும் மாலை வகுப்பில் இதைச் சொன்னேன். "பாம்பெல்லாம் ஊரும், ஊருறதெல்லாம் பாம்பா?" என்றேன். "புழுவும் ஊருமே" என்று சிரித்தார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி சிரிக்கவில்லை.

"சார், குப்பை அள்ளுதவங்க எல்லாம் ஒங்க தெருக்காரங்கதான்னு பள்ளிக்கூடத்துல ஒருத்தி சொன்னா. அதுக்காக நம்ம தெருக்காரங்க எல்லாம் குப்பை அள்ளவா பொறந்திருக்கோம்?"

"திருப்பிப் போட்டா தப்பு. எங்க மாமா பஸ்சுல்லா ஓட்டுதாவ" என்றான் ஒரு பையன்.

அவளுக்கு அது போதவில்லை. "திருப்பிப் போடாண்டாம். நேரா இருக்கதையே கேக்கேன். அள்ளுதவங்க எல்லாம் ஏன் நம்ம தெருவாவே இருக்காவ?"

அதற்குத் தர்க்கம் போதாது, வரலாறு வேண்டும். மறுநாள் அந்தக் கேள்வியைக் கரும்பலகையில் எழுதிவிட்டுத்தான் வகுப்பைத் தொடங்கினோம்.