அறுக்காமல் விடக் கற்ற கதை

தோலுக்கடியில் கொழுப்புக் கட்டி உள்ளவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். முதுகிலோ முழங்கைப் பக்கமோ மெத்தென்று கைக்குத் தட்டுப்படும், வலிக்காது, யாரும் அதற்காகத் தூக்கம் கெடுவதில்லை. அதே கட்டி பெருங்குடலின் உட்சுவரில் வளரும்போதுதான் சிக்கல். அங்கே அது பெரும்பாலும் மென்படலத்துக்குக் கீழே, குடல் தொடங்கும் வலப்பக்கத்தில் வளர்கிறது. ஐம்பது, அறுபது வயதுக்காரர்களிடம் அதிகம் தென்படுகிறது. இரண்டு சென்டிமீட்டருக்குள் இருக்கும்வரை பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் தராது. பெரிதானால் வயிற்றுவலி, மலத்தில் ரத்தம் என்று தொடங்கி, கட்டியுள்ள குடற்பகுதி அடுத்த பகுதிக்குள் நுழைந்து அடைத்துக்கொள்ளும் குடல் செருகல் வரை போகலாம். பாவர் என்ற மருத்துவர் 1757-இல் இதை முதன்முதலில் பதிவு செய்தார். அன்றிலிருந்து இன்றுவரை நடந்ததை அறுவை சிகிச்சை முன்னேறிய கதையாக எழுதிவிடலாம். எனக்கு அது தலைகீழாகத் தெரிகிறது. அறுக்காமல் விடலாம் என்ற துணிவு மருத்துவருக்கு எப்படி வந்தது என்பதே இதன் உண்மையான வரலாறு. தருமபுரி போன்ற மாவட்டத்தில், அந்தத் துணிவைத் தரும் கருவி நோயாளியிடமிருந்து எத்தனை மைல் தள்ளி இருந்தது என்பதும் அந்த வரலாற்றில் சேர்த்தி.

பழைய நிலைமையை எண்ணிப் பார்க்கலாம். அடிவயிற்றின் வலப்பக்கம் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்படுகிறது, நோயாளி இளைத்திருக்கிறார், விட்டுவிட்டு வலிக்கிறது. நம் நாட்டில் இந்த அறிகுறிகளோடு வருபவரைப் பார்த்ததும் மருத்துவர் மனதில் முதலில் வருவது குடல் காசநோய். அடுத்தது புற்றுநோய். அமீபா தொற்றால் குடலில் உண்டாகும் கட்டியும் பட்டியலில் உண்டு. கொழுப்புக் கட்டி கடைசியில், நினைவுக்கு வந்தால் வரும். வயிற்றைத் திறந்த பிறகும் ஐயம் தீராது, ஏனென்றால் வெளியிலிருந்து தொடும்போது குடலுக்குள் ஏதோ திரண்டிருப்பது மட்டுமே தெரியும். ஆகவே வலப்பக்கப் பெருங்குடலை மொத்தமாக வெட்டி எடுத்து, மிச்சத்தை இணைத்துத் தைப்பார்கள். எடுத்த துண்டை மேசைமேல் வைத்துப் பிளந்தால், உள்ளே மஞ்சளாக, வழுவழுப்பாக, சுத்தமான கொழுப்பு. அந்த அறுவை மருத்துவர்கள் அவசரக்காரர்கள், தேவையில்லாமல் வெட்டினார்கள் என்று இன்றைக்குக் குறை சொல்வது எளிது. அது நியாயமில்லை. புற்றுநோயைக் கொழுப்பென்று நம்பி விட்டுவைத்தால் நோயாளியின் உயிர் போகும். கொழுப்பைப் புற்றென்று வெட்டினால் ஓர் அடி குடல் போகும். கையில் வேறு சான்று இல்லாதபோது இரண்டாவது தவறையே அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். நோயாளி நானாக இருந்தாலும் அதைத்தான் செய்யச் சொல்லியிருப்பேன்.

சான்று மெல்ல மெல்லத்தான் வந்தது. ஆசனவாய் வழியாகப் பேரியம் கரைசலைச் செலுத்தி எக்ஸ்ரே எடுக்கும் முறையில், கட்டி உள்ள இடம் மட்டும் கரைசல் நிரம்பாமல் விளிம்பு சீரான வெற்றிடமாகத் தெரியும். வயிற்றை அழுத்தினால் அந்த வெற்றிடத்தின் வடிவம் மாறும். கெட்டியான புற்றுக்கட்டி அப்படி நெளிந்து கொடுக்காது. சென்னைப் பொது மருத்துவமனை வளாகத்தில் பர்னார்டு கதிரியக்க நிலையம் 1934-லேயே திறக்கப்பட்டுவிட்டது. ஆனால் நிழலை வைத்து உறுதி சொல்ல எல்லாருக்கும் துணிவு வரவில்லை. பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானியும் அவருடைய ஆசிரியர் ஹாப்கின்ஸும் 1954-இல் கண்ணாடி இழைக் கற்றை வழியே படத்தை வளைத்துக் கொண்டுபோகலாம் என்று காட்டினார்கள். அதிலிருந்து வளையும் அகநோக்கிகள் பிறந்தன. 1969-இல் நியூயார்க்கில் வுல்ஃபும் ஷின்யாவும் கம்பிச் சுருக்கை உள்ளே செலுத்தி, வயிற்றைக் கிழிக்காமலே பெருங்குடலின் சதை வளர்ச்சியை அறுத்தெடுத்தார்கள். அகநோக்கியைப் பெருங்குடலுக்குள் செலுத்தும் கொலோனோஸ்கோபியைச் செய்யும் மருத்துவர் கொழுப்புக் கட்டியைக் கண்டுகொள்ளும் விதம் எளிமையானது. மேற்பரப்பு வழுவழுப்பாக, உள்ளே மஞ்சள் தெரியும்படி இருக்கும். இடுக்கியின் மூடிய நுனியால் அழுத்தினால் குழி விழும். எடுத்ததும் மெதுவாக மேலெழும். தலையணைக் குறி என்றே இதற்குப் பெயர். அதே இடத்தில் திரும்பத் திரும்பக் கிள்ளி எடுத்தால் படலம் கிழிந்து கொழுப்பு வெளியே பிதுங்கும்.

எல்லாவற்றையும்விட உறுதியான சான்றைக் கொடுத்தது ஓர் எண். லண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டு வடிவமைத்த சிடி ஸ்கேன் கருவியில் 1971 அக்டோபரில் முதல் நோயாளிக்குத் தலை ஸ்கேன் எடுக்கப்பட்டது. 1979-இல் அவருக்கும் கார்மாக்குக்கும் நோபல் பரிசு கிடைத்தது. சிடி ஸ்கேன் உடலின் ஒவ்வொரு புள்ளிக்கும் அடர்த்தி எண் தருகிறது. தண்ணீருக்குச் சுழியம், காற்றுக்குக் கழித்தல் 1000. கொழுப்பு சுமார் கழித்தல் 80-க்கும் கழித்தல் 120-க்கும் இடையே விழும். புற்றுக்கட்டியும் காசநோயால் தடித்த குடற்சுவரும் சுழியத்துக்கு மேலே நிற்கும். கழித்தல் நூறு என்று சீராக ஓர் எண் வந்துவிட்டால், விவாதத்துக்கு அதிக இடமில்லை. அறுவை மருத்துவரின் கைத்திறன் எவ்வளவு வளர்ந்திருந்தாலும் இந்த உறுதி அதிலிருந்து கிடைத்திருக்காது.

தருமபுரிக்கு இந்த உறுதி வந்து சேர்ந்த வழி நீளமானது. 1965 வரை தருமபுரி சேலம் மாவட்டத்தின் ஒரு பகுதி. தனி மாவட்டமானதால் தலைமை மருத்துவமனை கிடைத்தது; ஆனால் சேலம் மருத்துவக் கல்லூரியே 1986-இல்தான் தொடங்கியது. அதற்கு முன் பெரிய பரிசோதனை என்றால் வேலூர், சென்னை, அல்லது எல்லை தாண்டி பெங்களூரு. பென்னாகரத்திலிருந்தோ அரூரிலிருந்தோ புறப்படும் குடும்பத்துக்கு அங்கே போய்ச் சேர்வதே ஒருநாள் கூலியை இழப்பது. சித்தேரி மலைக்காரர்களுக்கு அடிவாரம் வந்து சேர்வதே முதல் பயணம். 1994-இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளில் குறைந்த கட்டணத்தில் ஸ்கேன் நிலையங்களை நடத்தத் தொடங்கியது. 2008-இல் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. மறு ஆண்டு கலைஞர் காப்பீட்டுத் திட்டம், 2012-இல் முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டம். மருத்துவ நூல்களில் ஏற்கெனவே எழுதியிருந்த அறிவு இந்த நாலைந்து நிர்வாக முடிவுகளால்தான் மலையடிவாரத்துக்கு இறங்கியது.

அரிதான, அதுவும் ஆபத்தில்லாத ஒரு கட்டிக்கு இவ்வளவு பேச்சு எதற்கு, காசநோய்க்கும் பிரசவத்துக்கும் செலவிட வேண்டிய மாவட்டம் அல்லவா என்று கேட்கலாம். கேள்வி சரியானதே. ஆனால் அந்த ஸ்கேன் அறை கொழுப்புக் கட்டிக்காகக் கட்டப்பட்டதல்ல. காசநோயையும் புற்றையும் விபத்தையும் பார்க்கிற அதே அறைதான். ஆபத்தில்லாததை ஆபத்தில்லாதது என்று சொல்லத் தெரிந்த மருத்துவமனையால்தான் ஆபத்தானதையும் நேரத்தோடு சொல்ல முடியும். இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு: ஸ்கேன் பெருகினால் தேவையற்ற கண்டுபிடிப்பும் பெருகும், சிறுநீரகக் கல்லுக்குப் படம் எடுக்கப்போனவர் குடலில் கட்டி என்ற சொல்லோடு வீடு திரும்புவார், அந்தப் பயமே அவரைக் கத்தியிடம் கொண்டுபோகும். இது நடக்கக்கூடியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்கு மருந்து ஸ்கேனைக் குறைப்பது அல்ல, அறிக்கையை நோயாளிக்குத் தமிழில் விளக்குவது. கொழுப்பு, புற்றாக மாறாது, தொந்தரவு தராதவரை விட்டுவிடலாம் என்று சொல்ல இரண்டு நிமிடம் போதும்.

விடக்கூடாத கட்டிகளும் உண்டு. பெரியவர்களுக்கு வரும் குடல் செருகலில் பெரும்பாலும் உள்ளே ஒரு காரணப் பொருள் இருக்கும். கொழுப்புக் கட்டி அதற்கு நன்கறியப்பட்ட காரணம். செருகிய குடல் அழுகுமுன் திறந்தாக வேண்டும். பெரிய கட்டியின் மேற்பரப்பு புண்ணாகிவிட்டால் அகநோக்கியிலும் அது புற்றுபோலவே தோன்றும். மேலாகக் கிள்ளியெடுத்த பயாப்சி அடியிலுள்ள கொழுப்பை எட்டாது. கம்பிச் சுருக்கால் அறுப்பதிலும் எச்சரிக்கை வேண்டும். கொழுப்பு மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாததால் மின்னோட்டத்தைக் கூட்ட நேரும், அந்தச் சூடு குடற்சுவரையே துளைத்துவிடலாம். அதனால் சிலர் கட்டியின் அடியில் வளையத்தை இறுக்கிவிட்டு, அது தானாக உதிரட்டும் என்று விடுகிறார்கள். இத்தனையும் செய்யக் கொலோனோஸ்கோபியில் தேர்ந்த கை தேவை. கருவி வாங்குவதைவிட அந்தக் கையை மாவட்டத்தில் நிலைநிறுத்துவது கடினம்.

இன்னொன்றும் பாக்கியிருக்கிறது. தருமபுரிக்காரர்கள் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போகிறவர்கள். இங்கே ஒருமுறை கொழுப்பென்று தீர்மானித்த கட்டி, அங்கே வயிறு வலித்துப் போய் நிற்கும் மருத்துவமனையில் புதிய கட்டியாகிவிடுகிறது. பழைய படம் வீட்டுப் பரணில் கிடக்கிறது. கட்டியின் அளவு, இடம், அடர்த்தி எண் மூன்றையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்து, அதை ரேஷன் அட்டையோடு வைத்துக்கொள்ளச் சொல்வதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டியதில்லை.