110 நிமிட ஆயுள்

சீகிரியாவில் பஸ் ஏறி, இனாமலுவ சந்தி கடந்து தம்புள்ளையில் இறங்க அரை மணிக்கு மேல் ஆகும். காபன்-11 என்ற கதிரியக்க அணுக்களைக் குப்பியில் அடைத்து அதே பஸ்ஸில் ஏற்றினால், இறங்கும்போது பாதிகூட மிஞ்சாது. அதன் அரைவாழ்வுக் காலம் 20 நிமிடம். நான்கு மணி நேரம் ஓடிக் கொழும்பைத் தொட்டால் நாலாயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறாது.

நான் சொல்ல வந்த, புற்றுக் கட்டியைப் படத்தில் காட்டும் மருந்து இந்தச் சின்ன ஆயுளோடுதான் பிறந்தது. 1970களின் இறுதியில், அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வாளர்கள் ஓர் அமினோ அமிலத்தில் காபன்-11ஐப் பதித்தார்கள். நான்கு காபன் அணுக்கள் சதுரமாகக் கைகோத்த வளையம் அதன் நடு. உடல் தன் புரதத்தில் சேர்த்துக்கொள்ளாத அமினோ அமிலம் அது.

அமினோ அமிலத்தை ஏன் பிடித்தார்கள்? வேகமாகப் பெருகும் புற்றுக் கலத்துக்குப் புரதம் கட்ட அது ஓயாமல் வேண்டும். உள்ளே இழுக்கும் வாயில்களைக் கல மென்சவ்வில் நிறைய வைத்திருக்கும். பெட் ஸ்கானுக்கு வழக்கமாகப் போடும் ஊசி குளுக்கோசைப் போன்றது. மூளையோ குளுக்கோசைத் தின்றே வாழும் உறுப்பு. அதனால் படத்தில் மூளை முழுவதுமே ஒளிரும், கட்டி அதற்குள் ஒளிந்துகொள்ளும். அமினோ அமிலத்தை நலமான மூளை குறைவாகவே எடுக்கும். கட்டி தனித்துத் தெரியும்.

1990களில் அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தில் மார்க் குட்மனும் டிமோதி ஷூப்பும் அதே வளையத்தில் புளோரீன்-18ஐ ஏற்றினார்கள். அரைவாழ்வு 110 நிமிடமானது. அதே கொழும்புப் பயணத்தில் இப்போது ஐந்தில் ஒரு பங்கு மிஞ்சும்.

ஒட்சிசன்-18 செறிந்த நீரைச் சைக்ளோத்திரனில் புரோத்தன் கற்றை தாக்கும்போது புளோரீன்-18 பிறக்கிறது. அந்தக் கணமே கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். ஈயக் கவசத்துக்குள் வைத்து அதை மூலக்கூறில் ஏற்றி, சுத்திகரித்து, சோதித்து, ஊசியாக்கி முடிக்க வேண்டும். உடலுக்குள் சிதையும் அணு ஒரு பொசித்திரனை விடும். அது அருகிலுள்ள இலத்திரனைச் சந்தித்து அழியும்போது இரண்டு காமாக் கதிர்கள் எதிரெதிரே பாயும். இரண்டையும் ஒரே நேரத்தில் பிடிக்கும் உணரி வளையம் கட்டியின் இடத்தைக் கணக்கிடுகிறது.

மூளைக்கென்று உருவான இந்த மருந்து பேரெடுத்தது வேறிடத்தில். சிறுநீரில் மெதுவாகவே கழிவதால், சிறுநீர்ப்பை ஒளிர்ந்து பக்கத்திலுள்ள புரொஸ்டேட் சுரப்பியை மறைப்பதில்லை. இதை எமரியிலேயே கண்டுகொண்டார்கள். இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான்: ஒன்றைத் தேடிப் போனவர்கள், கண்ணில் பட்ட இன்னொன்றை விட்டுவிடவில்லை. சிகிச்சைக்குப் பின் புரொஸ்டேட் புற்றுநோய் திரும்பியதா என்று பார்க்க, புளூசிக்ளோவின் என்ற பெயரில் 2016 மே மாதம் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது.

இங்கே, கொழும்புக்கு அருகே மஹரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்குப் பொதுமக்கள் காசு சேர்த்து ஒரு பெட் ஸ்கானர் வாங்கிக் கொடுத்தார்கள். அந்தப் பணத்தை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு நிறைகிறது. ஆனாலும் இப்படி விரைந்து சிதையும் மருந்து சீகிரியாவுக்கு வராது, நோயாளிதான் போகவேண்டும். இருட்டோடு எழுந்து, ஊசிக்காகப் பட்டினி கிடந்து, தம்புள்ளை, குருநாகல் என்று பஸ் மாறிப் போகிறார்கள். மருந்தின் 110 நிமிடத்தைக் கணக்கிட்டு நேரம் குறிக்கிறவர்கள், ஊரிலிருந்து முதல் பஸ் எத்தனை மணிக்கு வந்து சேரும் என்றும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும்.