வேய்ங்குழலும் ஆண்பால் பெண்பால் வழக்கும்

வெள்ளவத்தையிலே, மரைன் டிறைவை நோக்கியதொரு மாடிவீட்டில் யான் கண்ட சிறு நிகழ்ச்சியொன்று இக்கட்டுரைக்குத் தோற்றுவாயாயிற்று. நண்பர் ஒருவர் தமிழ்நாட்டுக்குத் தலயாத்திரை சென்று மீண்டபோது மூங்கிற் புல்லாங்குழல் ஒன்றை வாங்கிவந்திருந்தார். பதினொரு வயதினனாகிய மகன் அதனை எடுத்து ஊதத் தொடங்கி, இரண்டு கிழமையிற் கைவிட்டான். அது பெண்பிள்ளைகள் வாசிக்கும் வாத்தியமென்று பள்ளித் தோழர் நகையாடினராம். அவன் கைவிட்டதை ஒன்பது வயதுத் தங்கை எடுத்தாள். உடனே அப்பாச்சி மறித்தார். "பொம்பிளைப் பிள்ளை குழல் ஊதிறதே? வீணையைப் பழகு, பிள்ளை" என்பது அவர் தீர்ப்பு. இவ்வாறு, ஒரே வீட்டில், ஒரே குழல், ஆணுக்கும் ஆகாததாய்ப் பெண்ணுக்கும் ஆகாததாய்ச் சுவராணியிலே தொங்கிற்று.

ஒன்றுக்கொன்று முரணான இவ்விரு தீர்ப்புகளும் எங்கிருந்து வந்தன? இரண்டும் வழிவழி வந்த வழக்கென்றே கூறப்பட்டன. வழக்கென்று ஒன்றைச் சொல்லும்போது அதன் வயதைக் கேட்டறிதல் வரலாறு பயில்வோர்க்குக் கடனாகும்.

முதலிற் பாட்டியாரின் கூற்றை நோக்குவோம். குழலை ஆடவர் கையிற் காணும் வழக்கம் தமிழிலே மிகத் தொன்மையானது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையிலே, ஆனிரை மேய்க்கும் இடையன் ஒருவன் தீக்கடைகோலால் மூங்கிலிலே துளை சுட்டுக் குழல் செய்து பாலைப்பண் வாசிக்கின்றான். அது சலித்தபின், குமிழங்கொம்பை வளைத்து மரல்நார் கட்டி யாழாக்கிக் குறிஞ்சிப்பண் எழுப்புகின்றான். குழல் பிறந்த இடம் மேய்ச்சல் நிலம். மேய்ச்சலுக்குச் சென்றோர் ஆடவர். ஆகவே குழலும் அவர் கையதாயிற்று. பால் வேற்றுமையைக் காட்டிலும் தொழில் வேற்றுமையே இங்குக் காரணமென்பது வெளிப்படை. சேக்கிழார் பெருமான் காட்டும் ஆனாயநாயனாரும் இம்மரபினரே. மேல்மழநாட்டுத் திருமங்கலத்து ஆயர்குலத் தலைவராகிய அவர், பூத்துக் குலுங்கிய கொன்றையைச் சிவபிரானாகக் கண்டு, ஐந்தெழுத்தைக் குழலில் இசைத்து வீடுபேறெய்தினார். சைவப் பள்ளிகளிற் கார்த்திகை அத்தத்திலே அவர் குருபூசையைக் கொண்டாடும் நாம், குழல் பெண்களுக்கே உரியதென்று ஆண்பிள்ளையை நகையாடுவது விந்தையிலும் விந்தை.

எனினும் பாட்டியார் முற்றிலும் வென்றுவிட்டார் என்றும் கொள்ளற்க. புறநானூற்றிலே 281ஆம் பாட்டு, அரிசில் கிழார் பாடியது. போரிற் புண்பட்டு வந்த தலைவனைப் பேய் தீண்டாவண்ணம் காப்பதற்கு மனைமகள் தன் தோழியை அழைக்கின்றாள். வேம்பின் தழை செருகுதல், ஐயவி சிதறுதல், யாழொடு பிற இயங்களை ஒலித்தல் ஆகியவற்றோடு, ஆம்பற் குழலை ஊதுதலும் அச்சடங்கினுள் ஒன்று. செய்வோர் மகளிர். இல்லத்து மகளிர் வாய்வைத்துக் குழலூதியதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. அன்றி, அவர்கள் ஊதியது பொழுதுபோக்குக்காகவும் அன்று. உயிர்காக்கும் கடனாகவே ஊதினர்.

சிலப்பதிகாரம் குழலை ஆசிரியன் ஒருவனிடம் ஒப்படைக்கின்றது. அரங்கேற்றுகாதையிலே மாதவியின் ஆடலுக்குத் துணைநின்ற குழலாசிரியனும் யாழாசிரியனும் தண்ணுமை ஆசிரியனும் ஆடவர். அடியார்க்கு நல்லார் அவ்விடத்து எழுதிய உரை, குழல் செய்யும் மரபை விரித்துரைக்கின்றது: மூங்கில், சந்தனம், வெண்கலம், செங்காலி, கருங்காலி என ஐவகைப் பொருளால் ஆக்கலாம், மூங்கிலே தலையாயது, நீளம் இருபது விரல், சுற்றளவு நாலரை விரல், இடப்பக்கத்தை வெண்கல அணைசாலே அடைத்தல் வேண்டும். இத்துணை நுணுக்கமாக எழுதிய உரையாசிரியர் கருவியின் இலக்கணத்தையே கூறிச் சென்றார். வாசிப்போன் ஆணாதல் வேண்டுமென்பதை அவ்விலக்கணத்துள் ஒன்றாக அவர் வைத்திலர்.

யாழின் கதை இன்னும் சுவையானது. இன்று நம் இல்லங்களில் வீணை பெண்பிள்ளைக்குரியதாகவே கருதப்படுகின்றது. கலைமகள் படத்தைச் சுவரில் மாட்டிவைத்த வீட்டிலே வேறெவ்வாறு கருதுவர்? ஆயின் கானல்வரியிலே, மாதவி நரம்பைத் திருத்திக் கொடுத்த யாழைக் கோவலன் வாங்கி வாசிக்கின்றான். பின் மாதவி அதே யாழை வாங்கி வாசிக்கின்றாள். இருவர் கையிலும் அது ஒரே கருவிதான். அவர்கள் பிரிவதற்கு வரிப்பாட்டின் பொருள் காரணமாயிற்றேயன்றி, யாழை வாசிக்கத் தக்கவர் யார் என்னும் வினா எழவேயில்லை. சீவகசிந்தாமணியிலே காந்தருவதத்தையை யாழிலே வெல்பவன் சீவகன். ஈழத்தவராகிய நமக்கு இன்னொன்றும் நினைவுக்கு வரவேண்டும்: கயிலையின் கீழ் நெருக்குண்டு, தன் நரம்பையே தந்தியாக்கிச் சாமகானம் பாடியவனென்று புராணம் கூறும் இராவணன், வீணைக் கொடியோன். பத்துத் தலை படைத்த அவ்வீரனைப் பார்த்து, பெண்டிர் வாத்தியம் எடுத்தாய் என்று ஒருவரும் நகைத்ததாகக் கேள்வியில்லை. நம் காலத்திலும், பண்டை யாழ்களின் இலக்கணத்தை மீட்டெடுக்க ஆண்டுகள் பலவற்றைச் செலவிட்டவர் காரைதீவில் 1892இல் தோன்றிய விபுலாநந்த அடிகள். அவருடைய யாழ் நூல் 1947ஆம் ஆண்டு யூன் மாதத்திலே திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறிற்று. அடுத்த மாதமே அடிகள் மறைந்தார்.

பெண்ணுக்குக் குழலை விலக்கிய வழக்கம் பின்னெழுந்தது. அதற்குக் காரணங்கள் பலவாகச் சொல்லப்படும்: மூச்சடக்கி ஊதினால் நெஞ்சு நோகும், முகம் கோணும், அவையிலே பெண் வாயைக் குவித்தல் நாணமன்று, எச்சில் படும். முகங்கோணுதல் என்னும் காரணம் நமக்கே உரியதுமன்று. பண்டை யவனர் கதையிலே, அதீனா என்னும் தெய்வம் துளைக்கருவியொன்றை ஊதுகையில் நீரிலே தன் கன்னம் புடைத்திருக்கக் கண்டு அதனை எறிந்துவிட்டாள். அதே நாட்டில் விருந்துகளிலே அக்கருவியை ஊதிப் பிழைத்தோர் பெரும்பாலும் பெண்களே. ஆகவே முகத்தைப் பற்றிய கவலை குலமகளிர்க்கு மட்டும் உரியதாயிற்று. ஊழியம் செய்தோர் முகத்தைப் பற்றி எவரும் கவன்றிலர்.

எச்சில் என்னும் காரணத்தை இன்னுஞ் சற்று நின்று நோக்குதல் தகும். அது பெண்களை மட்டும் விலக்கியதன்று. யாழ்ப்பாணத்திலே நாதசுரமும் தவிலும் அளவெட்டி, இணுவில் முதலிய ஊர்களிலே சில குடும்பங்களின் குலத்தொழிலாய் நிலைத்தன. ஆடிவேல் விழாவிலே செட்டியார் தெருவிலிருந்து வெள்ளவத்தை வரை வேற்பெருமானின் தேருக்கு முன் எத்தனை தலைமுறையாக நாதசுரம் ஒலித்தது! அதனைக் கேட்டு மெய்ம்மறந்த பெரிய வீட்டுத் தந்தையர், தம் மகன் அதனைக் கையில் எடுக்க ஒருப்பட்டாரல்லர். அங்கு வேலியாய் நின்றது ஆண்பால் பெண்பால் அன்று, குலம். ஊதும் கருவியைத் தாழ்த்திய அந்த எண்ணமே, பெண்ணுக்குச் சொல்லும்போது நாணமென்றும் ஆணுக்குச் சொல்லும்போது குலப்பெருமையென்றும் வேடம் மாற்றிக்கொண்டது என்பது என் துணிபு. நாம் இதனைப் பேசுவதற்குக் கூசுகின்றோம். கூசினும் வரலாறு அதுவே.

கச்சேரி மேடைக்குக் குழலை உயர்த்தியவர் கும்பகோணத்துச் சரப சாத்திரியார் (1872-1904). இளமையிலேயே கண்ணொளி இழந்த அவர் முப்பத்திரண்டு ஆண்டே வாழ்ந்தார். அவர் மாணவர் பல்லடம் சஞ்சீவ ராவ் (1882-1962). பின்னர் வந்தவர் மாலி என்று வழங்கும் டி. ஆர். மகாலிங்கம் (1926-1986). ஏழு வயதிலே, 1933இல், மயிலாப்பூரில் மேடையேறிய இச்சிறுவன், குழல் பாடுதற்கியலாத கமகங்களையும் விரலாலும் உதட்டாலும் பாடவைத்தான். அக்காலத்தில் அவனைப் பார்த்து வியந்தவர் பலர். பெண்மை என்று கூறியவர் இலர். வீணை தனம்மாளின் பேரர் டி. விசுவநாதனும் குழலையே கொண்டார். அவ்வொரு வீட்டிலே பாட்டியார்க்கு வீணை, அன்னை செயம்மாளுக்குப் பாட்டு, தமக்கை பாலசரசுவதிக்கு ஆடல், தமையன் இரங்கநாதனுக்கு மிருதங்கம், தம்பிக்குக் குழல் என்று பங்கீடு நடந்ததுபோற் காண்கின்றது. மேதைகள் நிறைந்த வீட்டிலும் பங்கீட்டின் கோடு பழைய கோடே.

அக்கோட்டைத் தாண்டியோர் இசையுலகிற் சிலர் உளர். சிக்கில் சகோதரிகள் என்று போற்றப்பெறும் குஞ்சுமணியும் நீலாவும் இணைந்து குழல் வாசித்து, 2002ஆம் ஆண்டுக்குரிய சங்கீத கலாநிதி விருதினைச் சென்னை மியூசிக் அக்கடமியிற் பெற்றனர். புதுக்கோட்டைத் தட்சிணாமூர்த்திப் பிள்ளையிடம் மிருதங்கம் பயின்றவர் இரங்கநாயகி அம்மாள். நாதசுரத்தையே கையேந்தி மேடைகண்டவர் மதுரைப் பொன்னுத்தாய். வயலினுக்கு அவ்விருதினை முதலிற் பெற்ற பெண் கன்னியாகுமரி, ஆண்டு 2016. வயலின் நம் இசைக்கு வந்து இரு நூற்றாண்டு கடந்தபின்னரே அது நிகழ்ந்தது என்பதையும் உடன் எண்ணுக.

இனிப் பள்ளித் தோழரின் நகைப்புக்கு வருவோம். அது நம் நாட்டிற் பிறந்ததன்று. பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவிலே குழல் கனவான்களின் கருவி. பிரசிய மன்னன் இரண்டாம் பிரெடெரிக் (1712-1786) போர்க்களத்திலும் அரண்மனையிலும் புகழ்பெற்றவன். மாலைதோறும் குழல் வாசித்தவன். அவன் ஆசிரியர் குவாண்ட்சு 1752இல் வெளியிட்ட குழல்நூல் இன்றும் பயிலப்படுகின்றது. ஆங்கிலப் படைகளிலே பறையொடு சிறுகுழல் ஊதிச் சென்றோர் பையன்கள். 1847இல் போம் என்னும் செருமானியர் உலோகக்குழலைச் சீர்ப்படுத்தினார். அதன்பின், இருபதாம் நூற்றாண்டிலே அமெரிக்கப் பள்ளி வாத்தியக் குழுக்களில் எக்காளமும் பறையும் ஆண்பிள்ளைகளுக்கு, மென்மையான உயர்சுருதிக் குழல் பெண்பிள்ளைகளுக்கு என்னும் பிரிவு வேரூன்றிற்று. ஏபெல்சு, போர்ட்டர் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் 1978இல் வெளியிட்ட ஆய்விலே, குழல், வயலின், கிளாரினெட்டு ஆகியவற்றைப் பெண்மையோடும், பறை, திரொம்போன், எக்காளம் ஆகியவற்றை ஆண்மையோடும் மக்கள் சேர்த்தெண்ணுவதைக் கண்டறிந்தனர். சிறுவர் வயது ஏற ஏற இவ்வெண்ணம் இறுகுவதும் புலனாயிற்று. இதிலே ஒரு முரணும் உண்டு: பள்ளியிலே பெண்ணுக்குரியதென்ற அக்கருவியை, பெரிய இசைக்குழுக்களில் நெடுங்காலம் ஆடவரே வாசித்தனர். பாசுட்டன் குழுவில் தலைமைக் குழல் இருக்கையைத் தோரியற்று அந்தோணி துவையர் என்னும் பெண்மணி 1952இல் பெற்றமை அந்நாளிற் செய்தியாகும் அளவுக்கு அருமையாயிருந்தது.

ஆகவே வெள்ளவத்தைச் சிறுவன் கேட்ட நகைப்பு, கண்ணனும் ஆனாயரும் குழலூதிய நாட்டிலே, கடல் கடந்து வந்து, படங்களின் வாயிலாகவும் மேல்நாட்டு வாத்தியக் குழுக்களின் வாயிலாகவும் குடியேறிய ஒரு விருந்தாளி. அது வந்து எழுபது எண்பது ஆண்டுகூட ஆகவில்லை. ஆயினும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் அதனைத் தொல்காப்பியத்தோடு வந்ததுபோல் ஆணித்தரமாகப் பேசுகின்றனர்.

வேறுபாடே இல்லையோவெனின், உண்டு. அது விரலிலே உண்டு. சுருதி தாழத் தாழக் குழல் நீளும், துளைகளின் இடைவெளி அகலும். நண்பர் வாங்கிவந்தது முதிர்ந்தோர்க்குரிய நீண்ட குழல். பதினொரு வயதுக் கைக்கே அது சற்று அகலம். ஒன்பது வயதுக் கைக்கு எட்டவே எட்டாது. சிறுவன் முதல் இரு கிழமையிலே சுரம் சரியாகப் பேசாமல் இடர்ப்பட்டதற்கு நகைப்போடு இதுவுமொரு காரணம் என்று குழல் ஆசிரியர் ஒருவர் எனக்கு விளக்கினார். துளை முழுதும் மூடாவிடின் ஒலி சீறும். சீறும் ஒலியைக் கேட்ட பிள்ளை தனக்கு வராதென்று முடிவுகட்டும். அவ்வேளையிலே நகைப்பும் சேர்ந்தால் முடிவு உறுதியாகிவிடும்.

இவற்றையெல்லாம் நண்பர் வீட்டில் ஒரு மாலை எடுத்துரைத்தேன். புறநானூற்று மகளிரைப் பற்றிக் கேட்ட அப்பாச்சி, "அது காயப்பட்டவனுக்காக ஊதினது, தம்பி, கச்சேரிக்கில்லை" என்று விடையிறுத்தார். எனக்கு அவ்விடையை மறுக்க உடனே சொல் வரவில்லை. இன்றும் முழுதாக வரவில்லை. ஆயினும் அடுத்த முறை தமிழ்நாட்டுக்குச் செல்வோரிடம் உயர்ந்த சுருதியில் இரண்டு சிறு குழல்கள் வாங்கிவரச் சொல்லியனுப்பியவர் அவரே. அவை வந்துசேர்ந்தன. சனிக்கிழமைகளிலே அண்ணனும் தங்கையும் ஓர் ஆசிரியரிடமே பயில்கின்றனர். தங்கைக்கு மூச்சு நீளம். அண்ணனுக்கு விரல் விரைவு. நீண்ட குழல் இன்னும் சுவராணியிலேதான் தொங்குகின்றது, அவர்கள் கை வளரும்வரை.