கிளை இழந்தாரும் பெயர் பெற்றாரும்: மணமுறிவின் பின்னைய மனநிலை குறித்து ஓர் ஆய்வு

மணமுறிவு என்பது இற்றைநாளில் சட்டத்தால் வரையறுக்கப்பட்ட ஒரு நிலையாகும். சென்னை மாகாணத்தில் 1949ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் இந்துக்களிடையே இருதார மணத்தைத் தடுத்து மணவிலக்கிற்கும் வழி வகுத்தது. 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் அவ்வழியை நாடு முழுமைக்கும் உரியதாக்கியது. 1976ஆம் ஆண்டின் திருத்தம் இருவர் இசைவால் பிரிதலையும் ஏற்றுக்கொண்டது. ஆயின் சட்டம் தீர்ப்பது உறவின் உரிமைகளையேயன்றி, உறவு அற்றார் நெஞ்சின் நோயை அன்று. அந்நோய் எவ்வாறு ஆறுகின்றது என்பதற்குச் சட்ட நூல்களிற் சான்று தேடுதல் வீண்முயற்சியாகும்; இலக்கியத்திலேயே அதனைத் தேடுதல் வேண்டும். கணவனாற் பிரியப்பட்ட மகளிர் இருவரைப் பற்றிய தமிழ்ச் சான்றுகளை ஒப்புநோக்கி, அவற்றாற் பெறப்படும் உண்மை யாதென ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் சங்ககாலச் சான்றினைக் காண்போம். வையாவிக் கோப்பெரும் பேகன் மயிலுக்குப் போர்வை ஈந்த வள்ளல் எனப் புகழப்படுபவன். அவன் தன் மனைவி கண்ணகியைத் துறந்து வேறொருத்திபால் ஒழுகினான். அவள் பொருட்டுக் கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் ஆகிய புலவர் நால்வர் பாடிய பாடல்கள் ஐந்தும் புறநானூற்றில் 143 முதல் 147 வரை அமைந்துள்ளன. பசியும் சுற்றச் சுமையும் கூறிப் பரிசில் பெறுவதே புலவர் மரபு. இவரோ பொருளும் அணியும் வேண்டாராய், தேரேறிச் சென்று அவள் துயர் களைதலே தமக்கு அளிக்கும் பரிசில் என வேண்டுகின்றனர். கொடையிற் சிறந்த அரசனிடம் அவன் தன் இல்லத்திற் செய்யத் தவறிய கொடையையே கேட்கின்ற அவர்தம் அறவுரத்தைப் போற்றாதிருத்தல் இயலாது.

எனினும் அப்பாடல்களில் கண்ணகியின் நிலை யாது என்று வினவுதல் வேண்டும். பெரும்பான்மையும் அவள் கண்ணீராகவே காட்டப்படுகின்றாள். அவள் வாய்ச்சொல் விளங்கக் கேட்கப்படுவது பரணர் பாடலாகிய 144ஆம் பாட்டிலாகும். நீ அவனுக்குக் கிளையோ என்று புலவர் வினவ, அவள் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, தான் அவனுக்குக் கிளை அல்லள் என்றும், தன்னைப் போன்ற பிறிதொருத்தியை விரும்பி அவன் நாள்தோறும் ஓரூர்க்கு வருகின்றான் என்பர் என்றும் விடையிறுக்கின்றாள். பிரிவின் உண்மை நோவு இவ்விடையில் அடங்கியுள்ளது. அவள் இழந்தது கணவனை மட்டுமன்று. தான் இன்னாள் என்று கூறுதற்குரிய உறவுச் சொல்லையும் இழந்தாள். புலவர் வேண்டியதோ அவன் மீண்டு வருதலையே. அவன் வாராதொழியின் அவள் யாராக வாழ்வாள் என்ற வினாவை அப்பாடல்கள் எழுப்பவில்லை.

அவ்வினாவிற்கு விடை கூறுவது காரைக்காலம்மையார் வரலாறாகும். ஈண்டுச் சான்றுகளின் காலவேறுபாட்டினை மறத்தலாகாது. அம்மையார் கி.பி. ஆறாம் நூற்றாண்டினையொட்டி வாழ்ந்தவர் என்பது அறிஞர் பலர் கருத்து. அவர்தம் வரலாற்றை விரித்துரைக்கும் சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டினர். இடைப்பட்ட காலத்துச் சுந்தரர் அவரைப் பேயார் என்னும் பெயரளவிற் சுட்டினார். நம்பியாண்டார் நம்பி அவர் தலையால் நடந்த செய்தியைப் பாடினார். கணவன் பற்றிய செய்தி இவ்விருவர் பாடல்களிலும் இல்லை. ஆதலின் பெரியபுராணக் கதையை அம்மையாரின் தன்வரலாறாகக் கொள்ளாமல், பிரிவுற்ற பெண்ணொருத்தியின் மனமாற்றத்தைத் தமிழ்ச் சமுதாயம் எவ்வாறு உணர்ந்தது என்பதற்குச் சான்றாகக் கொள்ளுதலே முறையாகும்.

அக்கதையில் மாங்கனி நிகழ்ச்சியால் அஞ்சிய பரமதத்தன், மனைவியிடம் உண்மை கூறாது கலமேறிச் சென்று, பாண்டி நாட்டு நகரொன்றில் வேறு மணம் புரிந்து, பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பெயரிடுகின்றான். செய்தியறிந்த சுற்றத்தார் புனிதவதியாரைச் சிவிகையில் அழைத்துச் செல்ல, அவன் இரண்டாம் மனைவியோடும் மகளோடும் வந்து அவர் அடியில் வீழ்கின்றான். இவர் மானுடர் அல்லர் எனச் சுற்றத்தார் முன் அறிவிக்கின்றான். ஊரறிய நிகழ்ந்த மணம் இவ்வாறு ஊரறியவே முறிகின்றது. அதுகாறும் ஐயத்தில் நின்ற பெண்ணுக்கு அவன் கருத்து இதுவெனத் தெளிவு பிறக்கின்றது. அத்தெளிவு பிறந்தபின் அவர் அழவில்லை. அவனை வேண்டவும் இல்லை. வசைமொழி கூறவும் இல்லை. அவன் பொருட்டுத் தாங்கிய தசைப்பொதி இனி வேண்டா எனக் கழித்து, இறைவன் அடியார்க்குரிய பேய்வடிவம் வேண்டுகின்றார்.

பின்னர்க் கயிலையில் இறைவன் அவரை அம்மையே என்றழைக்க, அவர் அப்பா என்று பணிகின்றார். கண்ணகிக்குக் கிட்டாத உறவுச்சொல் இங்குக் கிட்டுகின்றது. அதுவும் கணவன் வழியாக வந்ததன்று. மனைவி என்னும் பெயர் நீங்கிய இடத்தில் அம்மை என்னும் பெயர் நிற்கின்றது. சேக்கிழார் இவ்வரலாற்றை அமைத்த திறத்தின் உயிர்நிலை இதுவேயாம்.

அம்மையாரின் சொந்த வாக்கு இக்கருத்தொடு பொருந்துமோ எனில், அற்புதத் திருவந்தாதியின் முதலிரு வெண்பாக்களே போதிய சான்றாகும். முதல் வெண்பா தம் இடர் தீர்வது எந்நாள் என்னும் வினாவொடு முடிகின்றது. அந்தாதி முறையால் அவ்விடர் என்னும் சொல்லே இரண்டாம் வெண்பாவின் தொடக்கமாகின்றது. இறைவன் தம் இடரைக் களையாவிடினும், இரங்காவிடினும், செல்லும் நெறி இதுவெனக் காட்டாவிடினும் தம் நெஞ்சு அன்பு நீங்காது என்பது அதன் கருத்து. அவ்விடர் கணவனால் வந்தது என்று கூறுதற்கு நூலில் இடமில்லை. அது பிறவித்துயர் எனக் கொள்வதே பொருந்தும். ஆயினும் துயரொடு நெஞ்சு கொள்ளும் உறவு ஈண்டுத் தெளிவாகின்றது. இடர் தீர்ந்த பின்னரே வாழ்வு என்று அவர் காத்திருக்கவில்லை. இடர் இருக்கவே அன்பு செல்லும் வழியைக் கண்டார். அந்நூல் 101 வெண்பாக்களால் இயன்றது. அதன் இறுதியில் அவர் தம்மைக் காரைக்காற் பேய் என்று தாமே பெயரிட்டுக்கொள்கின்றார். தந்தை பெயரும் கணவன் பெயரும் அதில் இல்லை; ஊரும் தாம் தேர்ந்த நிலையுமே உள.

இற்றை நாளில் மணமுறிவுற்றார் அனைவரும் துறவு பூணுதல் வேண்டும் என்பது எம் கருத்தன்று. அவர்களுள் மறுமணம் செய்து இனிது வாழ்வார் பலர். உடலை வெறுத்தலே ஆறுதல் எனக் கொள்வதும் பிழையாகும். எனினும் இவ்விரு வரலாறுகளையும் ஒருங்கு நோக்குங்கால் இரு செய்திகள் தெற்றெனப் புலனாகும். பிரிவின் உண்மை வெளிப்படக் கூறப்படாதவரை நெஞ்சு ஆறுதல் அரிது என்பது ஒன்று. நீங்கியவர் மீண்டு வருதலே தீர்வு என்றெண்ணி நில்லாது, அவரைச் சாராத ஒரு பெயரையும் உறவையும் பெறுங்கால் வாழ்வு மீளத் தொடங்குகின்றது என்பது மற்றொன்று.

கண்ணகியின் பொருட்டுப் புலவர் நால்வர் பாடினர். காரைக்காலம்மையாரோ தம் பாட்டைத் தாமே பாடினார். சிவன் கோயில்களில் அறுபத்துமூவர் வரிசையில் ஏனையோர் நிற்க அவர் அமர்ந்திருத்தலைக் காண்கின்றோம். காரைக்காலில் ஆனித் திங்களில் அவர் பெயரால் மாங்கனித் திருவிழா நிகழ்கின்றது. கணவனாற் கைவிடப்பட்டவள் என்று அவரை அழைப்பார் எவருமிலர். அம்மை என்றே அழைக்கின்றனர்.